மூச்சுக் கருவியின் குழாயில் கோக்கும் நீர்

பொள்ளாச்சி,
மார்கழி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வால்பாறையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. நீங்கள் மகள் வீட்டில் நலமாக இருப்பதும், பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கியிருப்பதும் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கடிதத்தின் கடைசியில், உறக்கத்தில் மூச்சு தடைபடாதபடி மாஸ்க் வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தும் சிபேப் மெஷினைப் பெட்டிக்குள் எடுத்து வைத்துப் பதினைந்து நாளாகிறது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி இரவு முழுவதும் என்னை உறங்கவிடவில்லை. உறக்கப் பரிசோதனையில் உங்களுக்கு மணிக்கு 30 முறைக்கு மேல் மூச்சு தடைபடுகிறது என்று மருத்துவர் சொன்னபோது உங்கள் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். 30 என்பதே கடுமையான நிலைக்குரிய எல்லை என்று அவர் விளக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் அதை எடுத்து வைக்கக் காரணமாகச் சொல்லும், நள்ளிரவில் குழாய்க்குள் கடகடவென்று சத்தம் கேட்பதும், மூக்கில் திடீரென்று தண்ணீர் தெறித்து விழிப்பு வருவதும் எனக்கும் நேர்ந்தவைதாம். போன மார்கழியில் நானும் மெஷின் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்; விற்றவரிடம் கேட்டபோது, முகத்தில் மாட்டும் மாஸ்க்கைப் புதிதாக வாங்கச் சொன்னார். வாங்கினேன், தண்ணீர் நிற்கவில்லை. பழுது மெஷினிலும் இல்லை, மாஸ்க்கிலும் இல்லை என்பது பிறகுதான் விளங்கிற்று.

நூற்பாலையில் ஈரப்பதக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. காற்று காய்ந்தால் இழை அறுகிறது, ஈரம் மிகுந்தால் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்கிறது என்று ஈரப்பதம் காட்டும் உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகளை மாறி மாறிப் பார்த்துக் குறித்தவர் நீங்கள். இந்தக் கருவியிலும் அதே கணக்குத்தான். நீர்த்தொட்டியின் அடியில் இருக்கும் சூட்டுத் தகடு நீரைச் சூடாக்க, அதன் மேலாகச் செல்லும் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு ஆறடிக் குழாய் வழியாக மூக்குக்கு வருகிறது. 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் தாங்கும், 15 பாகையில் 13 கிராமுக்கும் குறைவு. உங்கள் ஊர்க் குளிரில் குழாயின் சுவர் சில்லிட்டுவிடுவதால், காற்றால் தாங்க முடியாத ஈரம் இட்லிப் பானை மூடியில் கோப்பதுபோல் குழாயின் உட்புறத்தில் கோத்து வழிகிறது. ஓர் இரவில் அந்தக் குழாய் வழியே பத்துக் கன மீட்டருக்கு மேல் காற்று செல்வதால், கன மீட்டருக்குப் பத்து கிராம் உதிர்ந்தாலே விடிவதற்குள் அரை டம்ளர் நீர் சேர்ந்துவிடும்.

நீங்கள் செய்த ஒரு காரியம்தான் நிலைமையை மோசமாக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். குளிருகிறதே என்று ஈரப்பத எண்ணைக் கூட்டி வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் தொட்டியின் சூட்டைக் கூட்டி மேலும் நீராவியை அனுப்புமே தவிர, குழாயைச் சூடாக்காது. அனுப்பிய ஈரம் முழுவதும் அதே குளிர்ந்த சுவரில்தான் போய் மோதும். ஆகவே அதை ஓர் இரவுக்கு ஒரு படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஆனால் அடியோடு நிறுத்திவிட வேண்டாம். நான் நிறுத்திப் பார்த்து, மூன்றே நாளில் மூக்கு காய்ந்து, உள்ளே வீங்கி அடைத்து, வாயால் மூச்சு விட்டு, தொண்டை எரியத் தொடங்கியது. சுவருக்குள் சூட்டுக் கம்பி ஓடும் குழாயும் கிடைக்கிறது. காற்று மூக்கை அடையும்வரை வெப்பம் குறையாமல் அது காப்பதால் நீர் கோப்பது வெகுவாகக் குறையும். உங்கள் மெஷினுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பொருந்துமானால் செலவைப் பார்க்க வேண்டாம்.

அதுவரை, ஆலையில் குளிர்நீர்க் குழாய்க்கு மேலுறை சுற்றியதுபோல இதற்கும் சுற்றினால் போதும். எனக்கு என் மனைவி, உங்கள் தங்கை, பழைய சென்னிமலைப் போர்வை ஒன்றை நீளவாக்கில் வெட்டி உறை தைத்துக் கொடுத்தாள். அன்றிரவே கடகடச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கியது. மெஷினைத் தலைமாட்டு அலமாரியிலிருந்து இறக்கி, கட்டிலைவிடத் தாழ்ந்த முக்காலியில் வைத்த பிறகு மீதியும் அடங்கிவிட்டது, ஏனென்றால் கோக்கும் சிறிதளவு நீரும் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பி வழிகிறது. குழாய் நடுவில் தொய்ந்து வயிறு போட்டால் அங்கே நீர் தேங்கிக் காற்றின் அழுத்தத்தையே குலைக்கும் என்பதால், தொய்வு விழாதபடி கட்டில் காலில் ஒரு நாடாவால் கட்டியிருக்கிறேன். குழாயைக் கம்பளிக்குள் விட்டுக்கொள்ளலாம், ஆனால் மாஸ்க்கில் இருக்கும் சிறு துளைகளை எதனாலும் மூடக் கூடாது. நாம் வெளிவிடும் காற்று அவற்றின் வழியாகத்தான் போக வேண்டும்.

தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரையே மருந்துக்கடையில் வாங்கி ஊற்றுங்கள். இங்கே ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிய ஒருவருடைய தொட்டியில் வெள்ளையாக உப்புப் படிந்து கிடந்ததை நானே பார்த்தேன். காலையில் மிச்ச நீரைக் கொட்டிவிட்டு, குழாயை நிழலில் தொங்கவிட்டுக் காய வையுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கிருமி வளரும். பெட்டிக்குள் இருக்கும் உங்கள் குழாயையும் முதலில் மிதமான சோப்பு நீரில் கழுவிவிடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த இரவே மெஷினை மாட்டிக்கொண்டுதான் நீங்கள் படுக்க வேண்டும். மில் குடியிருப்பில் இருந்த நாளில் உங்கள் குறட்டை நடுவில் நின்றுபோகும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறேன். அது நோய் என்று அப்போது நம் இருவருக்குமே தெரியாது. உங்களுக்கும் ஓர் உறை தைக்க உங்கள் தங்கை துணியை எடுத்து வைத்துவிட்டாள். குழாயின் நீளத்தையும் சுற்றளவையும் ஒரு நூலால் அளந்து, அந்த நூலையே கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள். தைத்த மறுநாள் காலை வால்பாறைப் பேருந்தில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மச்சான்