புளியை எடுக்காதே, பேச்சி

பெரம்பூர், சென்னை
ஐப்பசி 6

அன்புள்ள பேச்சி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பூட்டிக் கிடந்த அம்மா வீட்டை நீ திறந்து பார்த்ததாகவும், பூஜை அறையில் தவழும் கிருஷ்ணர் உடம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்ததாகவும் எழுதியிருந்தாய். "புளி போட்டுத் தேய்த்தால் போய்விடுமா? நீதான் கெமிஸ்ட்ரி டீச்சராச்சே" என்று கேட்டிருந்தாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், "தேய், போய்விடும்" என்று ஒரே வரியில் எழுதிப் போட்டிருப்பேன். இப்போது அப்படி எழுத மனசு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நாள், அதனால்தான் இவ்வளவு நீளம்.

பணி ஓய்வுக்குப் பிறகும் பள்ளியில் வாரம் இரண்டு நாள் அறிவியல் மன்றத்தைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? பிள்ளைகளுக்குப் புதிதாக ஏதாவது செய்யலாம் என்று தேடும்போதுதான் எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்று இருப்பதே எனக்குத் தெரிய வந்தது. எத்தனை தடவை அந்த வளாகத்துக்குள் போயிருக்கிறேன்! அமராவதிச் சிற்பங்களைப் பார்த்திருக்கிறேன், திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்றிருக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் நினைத்தது இல்லை. அங்கே ஒரு பயிற்சிக்குப் போனேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருத்திதான் நரைத்த தலை.

இந்த ஊரில் அந்த இடத்துக்கு ஒரு பழைய பேர் உண்டு: செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ், பாடம் செய்த மிருகமும் எலும்பும் சிலையும் இருக்கிற அருங்காட்சியகம் செத்த காலேஜ். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. அதன் முதல் பொறுப்பாளர் பால்ஃபர் என்ற மருத்துவர்தான், பிறகு அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்தவர். அதனால் இரண்டு பெயர்களும் ஜோடியாக நின்றுவிட்டன. ஆனால் ஆய்வகத்துக்குள் போய் நாலு நாள் உட்கார்ந்தவள் சொல்கிறேன், அங்கே எதுவும் செத்துக் கிடக்கவில்லை. வெண்கலம் இன்னும் காற்றோடும் ஈரத்தோடும் வினை புரிந்துகொண்டே இருக்கிறது. ஓலை சுருங்குகிறது, துணி நிறம் மாறுகிறது, பாடம் செய்த தோலைப் பூச்சி தேடி வருகிறது. யாராவது ஒருவர் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அவை அப்படியே இருப்பது போல நமக்குத் தெரியும்.

வெண்கலத்துக்கு ஒரு நோய் இருக்கிறது, பேச்சி. பேரே வெண்கல நோய்தான். மண்ணுக்குள் பல நூறு வருஷம் கிடந்த சிலையில் உப்பு ஏறியிருக்கும். உப்பில் உள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாகி, மேல் படலத்துக்கு அடியில் பதுங்கிக் கிடக்கும். வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் பட்டால் விழித்துக்கொள்ளும். வெளிர் பச்சையாகப் பொடி கிளம்பும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் பக்கத்திலிருக்கிற நல்ல செம்பைத் தின்னும், அதிலிருந்து மறுபடி குளோரைடு, மறுபடி பொடி. சங்கிலி மாதிரி. விட்டுவைத்தால் சிலை பள்ளம் பள்ளமாகிவிடும். சென்னை போலக் கடலோரத்தில், ஐப்பசி மழை அடிக்கும்போது, காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

எல்லாப் பச்சையும் நோய் இல்லை என்பதுதான் நான் அங்கே கற்ற முதல் பாடம். கரும்பச்சையாக, வழவழவென்று, நகத்தால் கீறினாலும் உதிராமல் இருந்தால் அது படலம். உள்ளே இருக்கிற உலோகத்தைக் காக்கிற தோல். அதை எடுக்கவே கூடாது. வெளிர் பச்சையாக, மாவு மாதிரி, தொட்டால் விரலில் ஒட்டினால் அதுதான் நோய். ஆய்வகத்தில் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் காட்டினார்கள். மூங்கில் சிலாம்பின் கூர்முனையால் ஒரு புள்ளியைத் தொட்டதும் பொடி உதிர்ந்து, அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குழி. அவ்வளவு சின்னக் குழிதான், பேச்சி. அதைப் பார்த்த நிமிஷம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த ஆய்வகம் 1930-ல் உருவானதே வெண்கலங்களின் இந்த நோய்க்காகத்தான். டாக்டர் பரமசிவன் என்ற வேதியியலாளர் தொடங்கிவைத்தது. சிலையை நீர்த்த காரக் கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, குளோரைடை வெளியே இழுக்கிற முறையை அவர் இங்கே செய்து காட்டினார். நாம் கல்லூரியில் படித்த அதே எதிர்மின்வாய், நேர்மின்வாய்தான். சிலைதான் எதிர்மின்வாய். நமக்கு அந்தப் பாடம் நடத்தும்போது இப்படி ஒருவர் நம் ஊரிலேயே செய்திருக்கிறார் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களை எந்த முறையில் தீட்டினார்கள் என்று ஆராய்ந்தவரும் அவர்தான். அந்த மின்சார முறை மேல் படலத்தையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதால் இப்போதெல்லாம் முடிந்தவரை மென்மையான வழிகளைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

அதில் ஒன்றை நாங்களே செய்தோம். செல்லாத பழைய செப்புக் காசுகளை சோடியம் செஸ்குயிகார்பனேட் என்ற மென்மையான காரக் கரைசலில் ஊறப்போட வேண்டும். சில நாள் கழித்து அந்தத் தண்ணீரை எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டு, அதன் பிறகு சில்வர் நைட்ரேட் சொட்டு விட வேண்டும். உனக்குச் சொல்லவே வேண்டாம், என்ன வரும்? "தயிர் போன்ற வெண்மையான வீழ்படிவு, குளோரைடு உள்ளது." முப்பது வருஷம் பிராக்டிகல் நோட்டில் அந்த வரிக்கு டிக் போட்டவள் நான். அன்றைக்கு அது ஒரு பொருளின் நாடித்துடிப்பு மாதிரி தெரிந்தது. முதல் தண்ணீரில் கெட்டியாக வந்தது. கரைசலை மாற்றி மாற்றி ஊறப்போட, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஆனது. தண்ணீர் தெளிந்தே நிற்கும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய சிலை என்றால் மாதக்கணக்கில். யாருக்கும் அவசரம் இல்லை. அங்கே இருப்பவர்களிடம் எனக்குப் பிடித்ததே அந்த நிதானம்தான்.

அப்புறம் பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், எங்கே கிடைத்தது, எப்படி வந்தது என்று ஒரு வரி. எண்ணை நேராகப் பொருளின் மேல் எழுத மாட்டார்கள். முதலில் மெல்லிய வார்னிஷ் பூச்சு, அதன் மேல் மை, அதன் மேல் மறுபடி ஒரு பூச்சு. பிறகு எப்போது வேண்டுமானாலும் கழுவி எடுத்துவிடலாம். "நாம் செய்கிற எதையும் பின்னால் வருகிறவர் மாற்ற முடிய வேண்டும்" என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

உங்கள் பக்கத்துப் பொருள்களும் அங்கே இருக்கின்றன. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை. 1899-ல் தொடங்கி சில வருஷம் தோண்டினார். தாழிகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், நெற்றியில் கட்டுகிற பொன் பட்டங்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பரம்பைக் காட்டி "அங்கே முதுமக்கள் தாழி" என்று சொல்வாயே, அந்த இடம்தான். துருப்பிடித்த இரும்பையும் சட்டென்று சுரண்டக் கூடாதாம். துருவுக்குள்ளேயே துணியின் நெசவோ மரப்பிடியின் ரேகையோ பதிந்திருக்கலாம். சுரண்டினால் போச்சு.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரை வைத்து ஒரு சின்ன அருங்காட்சியகம் தொடங்கினோம். வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள் கொண்டு வர வேண்டும், பதிவேட்டில் எண் கொடுக்க வேண்டும், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதற்கு ஓர் அட்டை எழுத வேண்டும். பாக்குவெட்டி வந்தது, உழக்கு வந்தது, ஒரு பெண் அவள் ஆச்சி காதில் போட்ட பாம்படத்தைக் கொண்டு வந்தாள் (அதை மட்டும் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்). அட்டையை எழுத வைப்பதுதான் கஷ்டம். "இது மிகப் பழமையானது" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அளந்து எழுது, எடை போட்டு எழுது, எங்கே தேய்ந்திருக்கிறது பார் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பாக்குவெட்டிக்காரன் மூன்றாவது தடவை எழுதினான்: "வலது பக்கப் பிடி அதிகம் தேய்ந்துள்ளது. தாத்தா வலது கைக்காரர்." எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒரு பையன் கொள்ளுத்தாத்தாவின் செப்புக் காசு இருப்பதாகச் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமை கொண்டு வந்து என் கையில் வைத்தான். பளபளவென்று ரோஜா நிறத்தில் மின்னியது. முந்தின ராத்திரி புளியும் உப்பும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்திருக்கிறான். மேடத்துக்குக் கொடுக்கிற பொருள் அழுக்காக இருக்கக் கூடாதாம். ஏற்கெனவே தேய்ந்து மங்கலாக இருந்த வருஷம் முழுதாகப் போய்விட்டது. மற்ற பிள்ளைகள் "போச்சுடா" என்றதும் அவன் முகம் விழுந்த விதத்தை என்னால் மறக்க முடியாது. காசை எப்படிக் கையாள்வது என்று நான்தான் முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். பதிவேட்டை அவன் பக்கம் தள்ளி, ஆய்வகத்தில் செய்கிற மாதிரியே எழுதச் சொன்னேன். எழுதினான்: "புளி, உப்பு கொண்டு தேய்க்கப்பட்டது. தேய்த்தவர் நான். ஆண்டு தெரியவில்லை, அப்பா 1862 என்று படித்ததாகச் சொல்கிறார்." இப்போது அந்தக் காசு முன்னால்தான் பிள்ளைகள் அதிக நேரம் நிற்கிறார்கள்.

இப்போது உன் கிருஷ்ணர். ஏட்டி பேச்சி, அது மண்ணுக்குள்ளிருந்து வந்த சிலை இல்லை. உன் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் தேய்த்துக் குளிப்பாட்டிய சிலை. கோயில் உற்சவர்களைப் பார்த்திருப்பாய், அபிஷேகமும் துலக்கலுமாகப் பல தலைமுறை கண்டு மூக்கும் கண்ணும் மழுங்கி இருக்கும். நாகப்பட்டினத்தில் மண்ணிலிருந்து கிடைத்த புத்தர்களை எழும்பூரில் பார்த்தால் உடை மடிப்பு கூடத் தெளிவாக இருக்கும். இரண்டில் எது நல்ல நிலை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் கிருஷ்ணருக்கு மூக்கே கிடையாது, கன்னத்தோடு கன்னமாக இருக்கும். அது அம்மா கை பட்டுத் தேய்ந்தது. அதனால் துலக்குவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா புளியோடு ஒரு கை உப்பும் போடுவார்கள், எனக்கு நினைவிருக்கிறது. அந்த உப்பு இடுக்கில் தங்கி, வீடு ஒரு வருஷம் பூட்டிக் கிடந்து, ஈரமும் சேர்ந்தால் நான் மேலே சொன்ன கதைதான்.

முதலில் ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து, முட்டிக்குப் பின்னால் இருக்கிற பச்சையை மெதுவாகத் தொட்டுப் பார். உதிராமல் இறுகி இருந்தால் கவலை இல்லை, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வை. மாவாக உதிர்ந்தால் புளி, எலுமிச்சை, பீதாம்பரிப் பொடி எதுவும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற வாலைவடிநீர் வாங்கி இரண்டு மூன்று தடவை கழுவி, ஈரம் ஒட்டத் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவை. பிறகு வெள்ளைத் துணியில் சுற்றி, புதுச் செருப்பு டப்பாவில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு மூடி வை. பொடி எந்த இடத்தில் எவ்வளவு என்று ஒரு தாளில் படம் போட்டுத் தேதியும் எழுது.

மார்கழியில் மகள் பிரசவத்துக்கு வருகிறாயே, அப்போது கையோடு எடுத்து வா. நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரில்தானே நிற்கும், நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். அருங்காட்சியகம் அங்கிருந்து பக்கம்தான், வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. உங்கள் ஊர்த் தாழிகளை நீ ஒருதடவை இங்கே வந்து பார்க்க வேண்டும். கிருஷ்ணரை என் வீட்டில் வைத்து, சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டு, தண்ணீர் தெளிகிற வரைக்கும் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம், அந்தக் கால லேப் மாதிரி.

குச்சியில் என்ன வந்தது என்று உடனே எழுது.

உன்
சாந்தி