கொச்சி ஆட்டம்: பயண ஏற்பாடு

அண்ணாச்சிமார், தம்பிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். வரும் சனி இரவு 7.30, கலூர் நேரு ஸ்டேடியத்தில் நம்ம சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி கேரளா பிளாஸ்டர்ஸோடு மோதுது. அவங்க ரசிகர்களோட மஞ்சள் கடலுக்கு நடுவே நம்ம நீலம் தெரியணும், அவசியம் வாங்க.

1. போக: வெள்ளி இரவு பாலருவி எக்ஸ்பிரஸ். 10.30க்கு திருநெல்வேலி ஜங்ஷன் முகப்பில் கூடுறோம். அம்பை, தென்காசிக்காரங்க அவங்கவங்க ஊர்லயே ஏறலாம்.

2. எர்ணாகுளம் நார்த்தில் இறங்கி, டவுன்ஹால் மெட்ரோவில் ஏறினா இரண்டாவது நிறுத்தம் ஸ்டேடியம்.

3. திரும்ப பாலருவி போடாதீங்க, ஆட்டம் முடியுமுன்னே அது கொச்சியைத் தாண்டிரும். நெல்லை வழியா போற குருவாயூர்–சென்னை எக்ஸ்பிரஸ்தான் தோது, எர்ணாகுளம் சவுத்தில் ஏறணும். அங்கே வரும்போது நள்ளிரவு தாண்டிரும். அதனால ஏறும் தேதி ஞாயிறு. சனின்னு போட்டா ஒரு நாள் முந்தின வண்டிக்கு டிக்கெட் விழும், காசும் போச்சு.

4. வெளியூர் அணி ரசிகர்களுக்கான, அதாவது நம்ம ஆளுங்களுக்கான பகுதிக்கு மட்டும் டிக்கெட் எடுங்க. மற்ற பகுதியில் நீல ஜெர்சியோட உட்கார்ந்தா வீண் உரசல்.

5. பவர்பேங்க், தண்ணி பாட்டில், சில்லறை நாணயம், கொடிக்கம்பு வேண்டாம்; வாசல்லயே வாங்கி வச்சிருவாங்க. கொடித்துணி மட்டும் போதும். போன்ல முழு சார்ஜ், அடையாள அட்டை முக்கியம்.

வாறவங்க பெயர், வயசு, ஏறும் ஸ்டேஷன் மூணையும் நாளை இரவு 9 மணிக்குள்ள இங்கேயே போடுங்க.