குளத் திருப்பணி முடிந்தது: வேலை, செலவு, இனி ஆக வேண்டியது

உறுப்பினர்கள் எல்லோருக்கும், சன்னதித் தெரு, மேலத்தெரு, கீழத்தெருக்காரர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு கேட்டதும் பணம் அனுப்பிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கம். கோயில் குளத்தின் திருப்பணி முடிந்துவிட்டது. பாண்டவையாற்றுத் தண்ணீர் வரத்து வாய்க்கால் வழியாகவே குளத்துக்குள் வந்து சேர்ந்தது, ஆடிப்பெருக்கு அன்று கிழக்குப் படித்துறையில் மேல்படிகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. என்ன செய்தோம், எதை விட்டுவிட்டோம், பணம் எங்கே போனது, இன்னும் என்ன பாக்கி என்று உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியது குழுவின் கடமை. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், கடைசிவரை படித்துவிடுங்கள், முக்கியமான விஷயம் கடைசியில்தான் வருகிறது.

முதலில் பலரும் கேட்ட கேள்விக்கு வருகிறேன். குளத்துக்கென்று வசூலித்த பணத்தில் பாதிக்கு மேல் வாய்க்காலில் போட்டுவிட்டீர்களே, சுற்றிலும் கைப்பிடிக் கம்பி எங்கே, நடைபாதைக் கல் எங்கே, விளக்குக் கம்பம் எங்கே என்று நேரிலும் போனிலும் நிறையப் பேர் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை, பணம் கொடுத்தவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நம் குளம் இத்தனை வருஷம் காய்ந்து கிடந்ததற்குக் காரணம் ஆழம் குறைந்தது இல்லை, ஆற்றுத் தண்ணீர் உள்ளே வர வழி இல்லாமல் போனதுதான். முன்பு ஒரு தடவை பொக்லைன் விட்டு நன்றாகத்தான் ஆழப்படுத்தினார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீர் மாசி வருவதற்குள் பச்சையாகி, பங்குனியில் சேறாகி, சித்திரையில் வெடித்துப் போனது. அதன்பிறகு காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும்தான் குளத்தை ஆண்டன.

டெல்டாவில் எந்தக் கோயில் குளத்தை எடுத்துக்கொண்டாலும் அது ஓர் ஆற்றின் கடைசிக் கண்ணிதான். ஆற்றில் தண்ணீர் பிரிகிற இடமான ஒரு தலைப்பு, அங்கிருந்து வாய்க்கால், தெருவுக்கு அடியில் தண்ணீர் போகிற தூம்பு, அப்புறம் குளம், குளம் நிறைந்தால் மிச்சம் வடிவாய்க்காலுக்குப் போக ஒரு போக்கு மடை. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள் (வேலி என்பது பழைய நில அளவு), அவ்வளவு பெரிய கமலாலயக் குளத்துக்கும் ஓடம்போக்கி ஆறுதான் தண்ணீர் தருகிறது. மன்னார்குடி ஹரித்ராநதிக் குளத்துக்குப் பாமணியாறு. தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்திலிருந்து ஐயன்குளத்துக்குப் போகிற பழைய நிலத்தடி நீர்வழியை மாநகராட்சி தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ததை 2021-இல் எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் நம் குழுவிலும் "முதலில் வரத்தைப் பார்ப்போம், கரையை அப்புறம் பார்ப்போம்" என்ற பேச்சே வலுத்தது. கம்பியும் விளக்கும் இல்லாத குளத்தில் தண்ணீர் நின்றால் அது குளம்தான், தண்ணீர் இல்லாத இடத்துக்கு எத்தனை விளக்குப் போட்டாலும் அது பள்ளம்தான். இந்த முடிவில் குழுவுக்கு இப்போதும் எந்தச் சந்தேகமும் இல்லை.

அனுமதி வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளம் கோயிலுடையது, ஆகவே அறநிலையத்துறை. ஆற்றின் தலைப்பும் அதை ஒட்டிய பகுதியும் நீர்வளத்துறை. ஊருக்குள் வரும் வாய்க்கால் ஊராட்சி, தூம்புக்கு மேலே போகிற சாலை ஒன்றியத்துச் சாலை. நாலு இடத்துக்கும் தனித்தனி மனு, தனித்தனி வரைபடம். உபயதாரர் திருப்பணியாகக் கோயில் பெயரிலேயே செய்வதென்று செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. நடுவில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்கள் எல்லோருடைய பதவிக்காலமும் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்துவிட்டார். நல்லவேளை, வாய்க்காலைத் தூர்வாரும் தீர்மானத்தைக் கிராம சபையில் முன்பே நிறைவேற்றிப் பதிவேட்டில் ஏற்றியிருந்தோம். அந்தப் பக்கத்தின் நகல் கையில் இருந்ததால் புதிதாக வந்த அலுவலரிடம் முதலிலிருந்து விளக்க வேண்டிய அவசியம் வரவில்லை. தெருவில் வேறு எந்த வேலைக்காகப் போராடுகிறவர்களும் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆள் மாறுவார்கள், தீர்மானம் அப்படியே இருக்கும்.

காலம்தான் பெரிய நெருக்கடி. மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம், வாய்க்காலில் இறங்கி வேலை செய்யக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டும்தான். அதிலும் சம்பா அறுவடை முடிந்து வயல் ஈரம் காய்கிற வரைக்கும் இயந்திரம் உள்ளே போக முடியாது, போனால் வரப்பை அழித்துவிடும். 2024-இல் அணையையே ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள், இந்தத் தடவையும் தாமதமாகும் என்று சிலர் சொன்னார்கள், நாங்கள் அதை நம்பி உட்காரவில்லை. நம்பாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று, 2025-இல் ஜூன் 12 அன்றே மேட்டூரும், மூன்று நாளில் கல்லணையும் திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் புதர் வெட்டும் வேலையை நூறு நாள் வேலையில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருந்தோம், சேர்த்தார்கள். கூலி மாசக்கணக்கில் பாக்கி நின்ற நேரம் அது. அப்படியும் நம் ஊர்ப் பெண்கள் வெயிலில் வந்து காட்டாமணக்கை வேரோடு பிடுங்கிக் கரையில் போட்டார்கள். இந்தத் திருப்பணியில் யாருக்காவது மாலை போட வேண்டும் என்றால் அவர்களுக்குத்தான் முதல் மாலை.

இனி தூம்பு. சாலைக்கு அடியில் ஏதோ ஒரு சிமென்ட் குழாய் இருக்கும், அது அடைத்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். தோண்டிப் பார்த்தால் குழாய்க்கு ஒரு முழம் தள்ளி, அதைவிடத் தாழ்வாக, பழைய செங்கல் தூம்பு இருக்கிறது. இன்றைய செங்கலில் பாதிகூடக் கனம் இல்லாத பட்டைச் செங்கல், சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது, மேலே வளைவு, ஓர் ஆள் குந்திக்கொண்டு உள்ளே போகலாம். வாயில் முழுக்கத் தேங்காய் மட்டை, பால் பாக்கெட், அறுந்த செருப்பு, கட்டட வேலையில் மிஞ்சிய கான்கிரீட் கட்டி. எல்லாவற்றையும் வாளி வாளியாக வெளியே எடுத்த பிறகு மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தது. வளைவில் ஒரு கல்கூட நழுவவில்லை. எப்போதோ குடிநீர்க் குழாய் பதிக்க வந்தவர்கள் பக்கச் சுவரில் ஓர் இடத்தை உடைத்து, குழாயைக் குறுக்கே விட்டு, அப்படியே மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், அந்தக் குழாயில் மாட்டித்தான் குப்பை சேர்ந்திருக்கிறது. குழாயை மேலே தூக்கிச் சாலை ஓரமாகத் திருப்பிவிட்டோம். பழைய தூம்பையே பயன்படுத்துவது என்று மேஸ்திரி சொன்னதும் ஒருத்தர்கூட மறுக்கவில்லை, ஏனென்றால் தண்ணீர் மட்டத்துக்குச் சரியாக இருந்தது அதுதான். பின்னால் போட்ட சிமென்ட் குழாய் மேடாக இருந்ததால் ஆற்றில் பாதி தண்ணீர் ஓடும்போது உள்ளே சொட்டுத் தண்ணீர்கூட ஏறாது. ஆற்றின் படுகை முன்னைக்கு இப்போது தாழ்ந்து கிடக்கிறது, ஆகவே அந்த மட்ட வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

குளத்துக்குள் நாலு பக்கமும் வண்டல் எடுத்தோம். இன்னும் ஆழம் போகலாமே என்று கேட்டவர்களுக்கு: வண்டலுக்குக் கீழே கறுத்த களி இருக்கிறது, அந்தக் களிதான் தண்ணீரைத் தாங்கி நிறுத்துகிறது. அதையும் வெட்டி மணலைத் தொட்டுவிட்டால் எத்தனை நாள் ஆற்றைத் திருப்பினாலும் குளம் குடித்துக்கொண்டே இருக்கும். களி தெரிந்ததும் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னது நம் ஊர்ப் பெரியவர்கள்தான், அவர்கள் பேச்சைக் கேட்டோம். எடுத்த வண்டலை வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் வயலுக்கு அடித்துக்கொண்டார்கள். 2024-இலிருந்து இந்த அனுமதியை வட்டாட்சியரே கொடுக்கலாம் என்று ஆனதால் மாவட்டத் தலைநகருக்கு அலையாமல் வேலை முடிந்தது. ஒரு லோடு மண்கூட விலைக்குப் போகவில்லை, யாருக்கு எத்தனை நடை போனது என்பது நோட்டில் பெயரோடு இருக்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் தாராளமாக வந்து பார்க்கலாம்.

படித்துறை வேலை மெதுவாகத்தான் நடந்தது, அவசரப்படுத்த மனசு வரவில்லை. கிழக்குப் படியில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே அரசங்கன்று வேர்விட்டு மூன்று வரிசையை வெளியே தள்ளியிருந்தது. கற்களுக்குச் சுண்ணாம்பால் எண் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, வேரை நுனிவரை தோண்டி எடுத்து, அடியில் சல்லி போட்டு இடித்து, எண் வரிசைப்படியே திரும்பப் பதித்தார்கள். இடுக்குகளுக்குச் சிமென்ட் வைக்கவில்லை, கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பும் செங்கல் பொடியும்தான். சிமென்ட் சீக்கிரம் இறுகும், ஆனால் வெயிலுக்கும் தண்ணீருக்கும் கல் அசையும்போது அது கல்லோடு சேர்ந்து அசையாது, வெடித்துவிடும், அந்த வெடிப்பில்தான் மறுபடியும் அரசு முளைக்கும். தெற்குப் படித்துறை இன்னும் பழையபடியே இருக்கிறது. அதற்குப் பணம் போதவில்லை, அடுத்த கோடைக்குத் தள்ளியிருக்கிறோம். அதுவரை அந்தப் பக்கம் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், நடுவில் இரண்டு கல் ஆடுகிறது.

தண்ணீர் வந்த சாயங்காலம் வாய்க்கால் கரையில் நின்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வராதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வந்தன, காய்ந்த மண் வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும்போது குபுகுபுவென்று குமிழி விட்டது. பிள்ளைகள் தண்ணீருக்கு முன்னால் ஓடினார்கள், தண்ணீர் அவர்களை அவசரமில்லாமல் பின்தொடர்ந்தது. தூம்பு வாய்க்கு வந்ததும் ஒரு நிமிஷம் தேங்கி நின்று, பிறகு மறுபக்கம் விழுந்த சத்தம் கேட்டது. ஆகஸ்ட் 3, பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கு நம் ஊர்ப் பெண்கள் ஆற்றங்கரைக்குப் போகாமல் நம் படித்துறையிலேயே காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் படைத்தார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர்களில் பலருக்கு இந்தக் குளத்தில் அது முதல் தடவை. சன்னதித் தெரு அடிபம்பில் இப்போது நாலு அடி அடித்தாலே தண்ணீர் வருகிறது.

மீன் குத்தகை பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் நின்றதும் ஏலம் விடலாமா என்று கேட்டு வந்துவிட்டார்கள். இந்த வருஷம் விட வேண்டாம் என்று செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். குத்தகைக்கு எடுக்கிறவர் லாபத்துக்காகக் கோழிக் கழிவைக் கொட்டினால் ஒரே மாசத்தில் குளம் நாறிவிடும். இரை போடாமல் வளர்ப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் கிடைத்தால் அடுத்த வருஷம் யோசிக்கலாம், அந்த வருமானம் தெற்குப் படித்துறைக்கு ஆகும்.

செலவுக் கணக்கு. அதிகம் போனது இயந்திர வாடகைக்கும் டீசலுக்கும், அடுத்து தூம்பு, அதன்பின் படித்துறை. சாப்பாடு, டீச் செலவைத் தெருவுக்கு ஒரு நாள் என்று வீடுகளே ஏற்றுக்கொண்டதால் அது கணக்கிலேயே வரவில்லை. எல்லா பில்லும் ரசீதும் ஒட்டிய நோட்டு வசந்த மண்டபத்தில் பொருளாளரிடம் இருக்கிறது, சாயரட்சை பூஜைக்குப் பிறகு தினமும் பார்க்கலாம். மிச்சப் பணம் குழுவின் வங்கிக் கணக்கில் கிடக்கிறது, அதை வருஷா வருஷம் பங்குனியில் வாய்க்கால் வெட்டுவதற்கென்றே வைத்திருப்பது என்று முடிவு.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மேலத்தெருவில் வாய்க்காலை ஒட்டிய சில வீடுகளின் சமையலறைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் இன்னும் பிவிசி குழாய் வழியாக நேரே வரத்து வாய்க்காலில்தான் விழுகின்றன. யார் வீடு என்று எழுத மாட்டோம், அவர்களும் திருப்பணிக்குப் பணம் கொடுத்தவர்கள்தான், வேறு வழியில்லாததால் விட்டவர்கள்தான். ஆற்றுத் தண்ணீர் ஓடும்வரை அது தெரியாது. தை மாசம் அணையை மூடிய பிறகு வாய்க்காலில் நிற்கப் போவது அந்தச் சோப்புத் தண்ணீர் மட்டும்தான், அது மெல்ல மெல்லக் குளத்துக்குள் இறங்கும். வீட்டுக்கு ஓர் உறிஞ்சு குழி போட்டால் போதும், 2025-இல் நூறு நாள் வேலைத் திட்டத்திலேயே தனி வீட்டுக்கு உறிஞ்சு குழி அமைத்துக் கொடுத்தார்கள், மனுவை எழுதிக் கொடுக்கக் குழு தயார். கொல்லையில் இடமே இல்லாத வீடுகளுக்கு, பக்கத்துக் கோயில் மனையின் ஓரத்தில் பொதுவாக ஒரு குழி வெட்ட இடம் கேட்டிருக்கிறோம். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவருகிறோம். கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது, போன கூட்டத்துக்கு நம் மூன்று தெருவிலிருந்து வந்தவர்கள் ரொம்பக் குறைச்சல். இந்தத் தடவை வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள், குடிநீர்த் தொட்டி கழுவுவது, கீழத்தெரு விளக்கு எரியாதது எல்லாவற்றையும் அங்கேயே பதிவு செய்துவிடலாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் போக்கு மடையின் பலகையை ஏற்றி இறக்கிப் பார்த்து எண்ணெய் போட வேண்டும், அதற்கு மேலத்தெரு இளைஞர்கள் பொறுப்பு ஏற்றிருக்கிறார்கள். கனமழை நேரத்தில் பலகையை யாரும் தாங்களாகவே திறக்க வேண்டாம், தாழ்வில் இருக்கும் வயல்காரர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும். பணம் அனுப்பி இன்னும் ரசீது வராதவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் உட்பட, அனுப்பிய தேதியையும் வங்கிப் பெயரையும் பொருளாளருக்கு எழுதுங்கள், வந்த வரிசையில் பார்த்து அனுப்பிவைப்பார்.