பேத்தை உப்பியிருந்தால் மதிப்பெண் போடாதே

அன்புள்ள மங்கை,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலியை செல்வி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீயாகச் சொல்லிவிடுவாயா என்ன? சரி, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

உங்கள் புகைப்படப் போட்டியில் இந்த முறை கடலடிப் படங்களுக்குத் தனிப் பிரிவாம், அதற்கு நீதான் நடுவராம். அதுவும் செல்வி சொன்னதுதான். நீ படங்களைப் பார்க்க உட்காருவதற்குள் இதை உன் காதில் போட்டுவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விடுமுறைக்குத் தீவுக்குப் போனோம் அல்லவா, அதில் ஒரு நாள் முழுக்க ஸ்கூபா, முதுகில் காற்று உருளையோடு கடலுக்குள். ரகு படகிலேயே வாந்தி எடுத்தான். அதைத் தவிர படகில் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் இறங்கியதும் எனக்கு முதலில் உன் ஞாபகம்தான் வந்தது. நீ இருட்டறையில் சிவப்பு விளக்கோடு பாதி வயதைக் கழித்தவள். கடலில் கதை தலைகீழ்: முதலில் காணாமல் போவதே சிவப்புதான். ஐந்து மீட்டர் இறங்குவதற்குள்ளேயே மங்கத் தொடங்கிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் கீழே போனால் ரகு காலில் மாட்டியிருந்த பளீர்ச் சிவப்புத் துடுப்பு அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஆடுகிறது. கடல் விசிறி என்று ஒரு பவள வகை, பாறையில் நீலச் சாம்பலாக நிற்கும். ஃபிளாஷ் அடித்த அந்த நொடியில் பார்க்க வேண்டும், ரத்தச் சிவப்பு! அந்த நிறம் அங்கேயே இருந்திருக்கிறது, காட்ட வெளிச்சம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஃபிளாஷ் வெளிச்சத்தையும் தண்ணீர் தின்னும், போகும்போதும் வரும்போதும். அதனால் தூரத்தில் நின்று ஜூம் செய்வதெல்லாம் வீண். ஒரு மீட்டருக்குள் போயாக வேண்டும். ஃபிளாஷை லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்தால் மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்வதுபோல் படத்தில் விழும், ஆகவே கேமராவின் இரண்டு பக்கமும் நீளமான கம்பிக் கைகளில் தள்ளிப் பிடிக்கிறார்கள். தண்ணீரில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால் நான் நீட்டிய கை எதையும் எட்டவில்லை. அப்புறம், மூச்சை அடக்கிக்கொண்டு ஷட்டரை அழுத்து என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொடுத்தாயே, அதை அங்கே செய்யக் கூடாது. மூச்சை அடைத்தபடி கொஞ்சம் மேலே எழும்பினாலும் நுரையீரலில் இருக்கும் காற்று விரியும், நுரையீரல் கிழிந்தே போகலாம். மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இழுத்தால் உடம்பு மேலே போகும், விட்டால் கீழே இறங்கும், நடுவில் எங்கேயோ படம். என் படங்கள் எப்படி வந்திருக்கும் என்று உனக்கே தெரியும். அனுப்ப மாட்டேன், அனுப்பினால் பழைய பூனைக் கதையைச் சொல்லிக் கேலி செய்ய ஆரம்பித்துவிடுவாய்.

உனக்குப் பிடித்த சமாசாரம் ஒன்று. கடலுக்கடியில் முதல் வண்ணப் படத்தை 1926-இல் ஃபுளோரிடாவை ஒட்டிய கடலில் லாங்லி என்ற விஞ்ஞானியும் மார்ட்டின் என்ற புகைப்படக்காரரும் எடுத்தார்கள். மேலே மிதவையில் மெக்னீசியப் பொடியை வெடிக்கவைத்து, அந்த வெளிச்சத்தில் கீழே ஒரு மீனைப் பிடித்தார்கள், படத்தில்தான். நேஷனல் ஜியாகிரஃபிக் 1927 ஜனவரியில் அதை வெளியிட்டது. ஒரு படத்துக்கு ஒரு வெடி! நீ மின்சாரம் போனதற்கே அழுதவள்.

கோமாளி மீன் ஒன்று என் கேமராக் கூட்டின் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு முட்ட வந்தது. அந்தக் குடும்பத்தில் பெரியதுதான் பெண், அதிகாரமும் அதற்குத்தான். அது செத்தால் அடுத்த இடத்தில் இருக்கும் ஆண் பெண்ணாக மாறிவிடும். சாந்தாவிடம் சொல், ரசிப்பாள்.

இனிமேல்தான் விஷயம். இரண்டாவது டைவில் இருபத்திரண்டு மீட்டரில் ஒரு கடல் விசிறி. அதில் குட்டிக் கடல்குதிரை. இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை, உடம்பெல்லாம் விசிறியின் மொட்டுகளைப் போலவே சிவப்புப் பருக்கள். அப்படி ஓர் உயிர் இருப்பதே 1969 வரை விஞ்ஞானத்துக்குத் தெரியாது. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் பார்ஷிபான் என்பவர் மீன்காட்சியகத்துக்காகக் கடல் விசிறிகளைச் சேகரித்தபோது, விசிறி கைக்கு வந்த பிறகுதான் அதில் ஒட்டியிருந்த குதிரை கண்ணில் பட்டது. அவ்வளவு நன்றாக ஒளிந்து வாழ்கிறது. அதைப் படம் பிடிக்க இப்போது வரிசை!

எனக்கு முன்னால் இருந்த மனிதர் பவளத்தின்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டார். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம், அதன்மேல் எண்பது கிலோ. குதிரை முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. அவர் ஒரு கம்பியால் விசிறியை வளைத்து, குதிரையை லென்ஸ் பக்கம் திருப்பினார். அது மறுபடி திரும்பியது. மறுபடி கம்பி. எத்தனை முறை என்று எண்ண எனக்குப் பொறுமை இல்லை, காற்றும் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. மேலே வரும் வழியில் அதே மனிதர் ஒரு பேத்தை மீனை மடக்கிப் பிடித்து, அது தண்ணீரைக் குடித்துப் பந்தாக உப்பும்வரை விடவில்லை. படகில் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்து 'ஆகா' என்றார்கள். நான் சண்டைக்குப் போனேன், உனக்குத்தான் என்னைத் தெரியுமே. அவர் கோபப்படவே இல்லை. "நடுவர்களுக்கு இதுதான் பிடிக்கும்" என்றார், சாவகாசமாக.

மங்கை, அந்த நடுவர் நீதான்.

அவர் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உப்பிய பேத்தை, முள் விரிந்து, கண் பிதுங்கி, பார்க்க அத்தனை வேடிக்கை. ஆனால் அது அரண்டுபோன மீன். பேய்க்கணவாய், அதுதான் ஆக்டோபஸ், மையைக் கக்கியபடி இருந்தால், அல்லது பொந்து எதுவும் பக்கத்தில் இல்லாமல் வெட்டவெளியில் தவித்தால், யாரோ துரத்தியிருக்கலாம் என்று கேள். கடல்குதிரை லென்ஸை நேராகப் பார்ப்பது எப்போதாவது தானாக நடக்கலாம். ஒரே ஆளின் எல்லாப் படத்திலும் நடந்தால் கம்பியைத் தேடு. வெட்டாத மூலப் படத்தைக் கேட்டு வாங்கு, ஓரத்தில் விரலோ முழங்காலோ இருக்கும்.

அதற்காக ஃபிளாஷையே தடை செய்து தொலைக்காதே, நீ செய்யக்கூடியவள். 2019-இல் வந்த ஓர் ஆய்வில், கடல்குதிரை போன்ற மீன்களை ஃபிளாஷைவிடத் தொடுவதும் நகர்த்துவதும்தான் அதிகம் அலைக்கழிக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். தொட்ட படம் வேண்டாம் என்று விதியில் ஒரு வரி, அதுதான் நான் கேட்பது. நல்ல படம் நாலு வீணாகும், தெரியும். போகட்டும்.

விதிகள் எப்போது அச்சுக்குப் போகின்றன? அதற்குள் பதில் எழுது. மறுப்பதானால் காரணத்தோடு மறு, வாதாட நான் தயார்.

உன்,
கல்யாணி