துலிப் கிழங்கும் எங்கள் ஐஸ் பெட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் வந்த 'கடுங்குளிரைத் தாங்கும் செடிகள்' பட்டியலைப் படித்தேன். துலிப், லாவெண்டர், கேல் கீரை எல்லாம் இருந்தது, சரி, ஆனால் இது யாருக்கு என்று ஒரு வரிகூட இல்லையே. பனியையே தாங்குகிற செடி நம் மலேசிய வெயிலைத் தாங்காதா என்று நினைத்துக் காசைக் கொட்டுகிறவர்கள் இங்கே நிறைய, நானும் ஒருவன்.

போன வருடம் இணையக் கடை ஒன்றில் 10 துலிப் கிழங்கு வாங்கினேன். நடுவதற்கு முன்னால் 12 வாரமாவது குளிரில் இருக்க வேண்டும் என்று படித்து, ஐஸ் பெட்டியில் காய்கறி வைக்கும் தட்டில் போட்டு வைத்தேன் (என் மனைவி அதைப் பெரிய வெங்காயம் என்று நினைத்துக் கத்தியோடு வந்தது தனிக் கதை). மூன்று மாதம் கழித்து நட்டேன். இலை வந்தது, பூ வரவே இல்லை. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், பழுக்கிற பழங்கள் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூமொட்டைக் கெடுத்துவிடும், எங்கள் வீட்டில் பக்கத்திலேயே ஆப்பிளும் மாம்பழமும் இருந்தன. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துலிப் நடு ஆசிய மலைச் செடி, குளிரைத் தாங்குவது மட்டுமல்ல, குளிர் படாமல் அது ஒழுங்காகப் பூக்காது. கேல் கீரையோ குளிர் மெல்ல மெல்லக் கூடும்போதே இலையில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும், அதனால் இலைக்குள் இருக்கும் நீர் சுலபத்தில் உறையாது, பனி விழுந்த பிறகு கீரை இனிப்பதும் அதனால்தான். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் இரவில்கூட 23 டிகிரி, இதில் எங்கே பனி? 1,400 மீட்டர் உயரத்துக் கேமரன் மலைக் குளிரே அதற்குப் பக்கத்தில் வராது.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் மொட்டையாகிப் பால் குறையும்போது துரைமார் அதை 'விண்டரிங்', அதாவது குளிர்காலம், என்பார்கள். வெறும் பேர்தான், வறட்சியில் இலை உதிர்கிறது, நிஜ உறைபனி நாலு நாள் விழுந்தால் அந்த மரம் தாங்காது.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் போட்டால், எந்த ஊர்க் குளிருக்கு, எத்தனை டிகிரி வரைக்கும் என்று சேர்த்துப் போடுங்கள், லண்டனில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் படம் பிடித்து அனுப்பிக்கொள்வார்கள். எங்களுக்கு, மழை மாதத்தில் வேர் அழுகாத செடிகளைப் பற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட்