எங்கள் கஞ்சி வீடியோவைப் பார்த்துக் குறை சொன்ன எல்லோருக்கும் நன்றி

பழைய வண்ணாரப்பேட்டை மக்களுக்கும், கேமராவோடு வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும் நோயாளிகளுக்குத் துணையாக வந்து, வெளியே காத்துக் கிடப்பவர்களுக்குக் காலையில் கஞ்சி ஊற்றுகிறோம் அல்லவா, அதைப் பற்றிய விளம்பர வீடியோ தயாராகிவிட்டது. எடுத்தவர்கள் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள். அவர்களுக்கு இது மதிப்பெண் உள்ள பாடவேலை. எங்களுக்கு நொய்யரிசிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் ஒரு வழி. காசு வாங்காமல், விடியற்காலையில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு முதல் நன்றி. ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே, முதல் வடிவத்தைப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்று சொல்லி எழுந்து போகாமல், உட்கார்ந்து பேசியவர்களுக்காகத்தான்.

அந்த முதல் வடிவம் நாலு நிமிடத்துக்கு மேல் ஓடியது. காசிமேட்டில் விடிகிறது, விசைப்படகுகள் கரை சேருகின்றன. 1856ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள் வருகின்றன. தண்டையார்பேட்டையைத் தாண்டி மெட்ரோ மேலே ஏறி வருகிறது. எல்லாம் கண்ணுக்கு அழகுதான். கஞ்சி வருவதற்குள் பாதி வீடியோ முடிந்துவிட்டது. எங்களைத் தெரியாத ஒரு கடைக்காரரிடம் காட்டியபோது அவர் பாதியிலேயே கேட்டார்: "நீங்க மீனவர் சங்கமா தம்பி?" சிரித்துவிட்டோம். ஆனால் அந்த ஒரு கேள்விக்கே அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

மாணவர்களின் பேராசிரியை கொண்டுவந்த மதிப்பெண் தாளில் ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு என்று கட்டங்கள் இருந்தன. அவற்றோடு நிறுத்தாமல், தெருவில் இருப்பவர்கள் சொல்வதையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். வீடியோ முடிந்ததும் அவர் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: இவர்கள் யார், என்ன செய்கிறார்கள், பார்க்கிற நீங்கள் என்ன செய்ய வேண்டும்? முதல் இரண்டுக்கு ஓரளவு பதில் வந்தது. மூன்றாவதற்கு யாரிடமும் பதில் இல்லை. கடைசியில் க்யூஆர் கோடு கண் சிமிட்டும் நேரம் வந்து போனது. செல்போனில் பார்க்கிறவர் அதே செல்போனைக் கொண்டு எப்படி ஸ்கேன் செய்வார் என்று கேட்டது கூட்டத்திலேயே சின்னவன், பத்தாம் வகுப்புப் பையன். இப்போது யுபிஐ முகவரி எழுத்தாகவே திரையில் நிற்கிறது, படித்து முடிக்கும்வரை நிற்கிறது.

தையல்கடை அக்காவின் கேள்வி வேறு மாதிரி. ஆரம்பத்தில் நாலு பையன்கள் மெதுவாக நடந்து வருவார்கள், படம் முழுக்க நீலமும் சாம்பலுமாக இருக்கும். "நம்ம ஏரியான்னாலே இருட்டாத்தான் காட்டணுமா? அவனுங்க கஞ்சி ஊத்த வராங்களா, வெட்ட வராங்களா?" என்றார். வட சென்னையை சினிமா காட்டிப் பழக்கிய வண்ணம் அது. இங்கேயே பிறந்த பிள்ளைகள் கையிலும் தானாக வந்துவிடுகிறது. தொகுத்த மாணவி அன்றைக்கே அந்த வண்ணத்தைக் கழற்றிவிட்டார். காலை வெயில் வெயிலாகவே இருக்கிறது.

வரிக்கணக்கு பார்க்கும் நண்பர் ஒரே ஒரு வரியைத்தான் எடுக்கச் சொன்னார். "நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு" என்று போட்டிருந்தார்கள். எங்களுக்கு அதற்கு வேண்டிய வருமான வரிப் பதிவு இன்னும் வரவில்லை. வந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. வாய் தவறிச் சொல்வது ஒன்று, வீடியோவில் போட்டு ஊருக்கே அனுப்புவது இன்னொன்று என்றார். சரி, எடுத்தாயிற்று. சினிமாப் பாட்டையும் எடுத்தாயிற்று, உரிமைச் சிக்கல் வரும் என்பதால். அதற்குப் பதில் பக்கத்துத் தெரு கானாத் தம்பி பாடிக் கொடுத்தார். ஒரு இடத்தில் பாட்டு பேச்சை அமுக்குகிறது என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை, இருக்கட்டும்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். 1782 பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற எழுந்த மணியக்காரர் சத்திரம், அதை ஒட்டி வளர்ந்த வைத்தியசாலை, அதுவே பின்னால் ஸ்டான்லி ஆனது, பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிவந்தது, எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அது விரிவாக வரவேண்டும் என்று நான் மல்லுக்கு நின்றேன். "1782க்காக இன்னைக்கு யாரும் அரிசி வாங்கித் தர மாட்டாங்க" என்று பேராசிரியை ஒரு வரியாகச் சுருக்கிவிட்டார். அந்த ஐயா கோபிக்காமல் சிரித்தார். அதற்கும் நன்றி.

இனி, பெயர் சொல்லாமல் நன்றி சொல்ல வேண்டிய ஒருவர். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து கணவரோடு வந்திருந்த அம்மா. முதல் வடிவத்தில் அவர் முகம் திரை முழுக்க வரும். தூக்குவாளியை நீட்டுவார், கண் கலங்கியிருக்கும், பின்னால் வயலின். மதிப்பெண்ணுக்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது என்று மாணவர்கள் நம்பினார்கள். உண்மையும் அதுதான். எடுக்கும்போது அவரிடம் கேட்டுத்தான் எடுத்தார்கள், அவரும் தலையாட்டியிருக்கிறார். ஆனால் கையில் கஞ்சியை ஊற்றிக்கொண்டே கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? அதனால் தொகுத்த பிறகு மறுபடி போய்க் காட்டினார்கள். முழுக்கப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "நான் கஞ்சிக்கு நிக்கிறது ஊர்ல யாருக்கும் தெரியாது தம்பி. பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம். மூஞ்சி வேணாம்."

ஒளிப்பதிவு செய்த தம்பி அங்கேயே, அவர் கண்முன்னாலேயே அந்தக் காட்சியை அழித்தான். வாதம் இல்லை, மங்கலாக்கிப் போடட்டுமா என்ற பேரமும் இல்லை. மொத்த மதிப்பீட்டில் யாராவது என்னை மதிப்பெண் போடச் சொல்லியிருந்தால் அதற்குத்தான் போட்டிருப்பேன். அந்த இடத்தில் இப்போது வரிசையாக வைத்த தூக்குவாளிகளும் கஞ்சி ஊற்றும் கையும்தான் தெரிகின்றன. வரிசையில் நிற்பவர்கள் யாருடைய முகமும் இல்லை. முகம் காட்டுவது நாங்கள் மட்டும்.

செய்தி வாசிப்பதுபோல் இருந்த பின்னணிக் குரலும் போய்விட்டது. எங்கள் சமையல் ஆயாவே பேசுகிறார்: எத்தனை படி நொய், எவ்வளவு பாசிப்பருப்பு, பூண்டு எப்போது, வெந்தயம் எப்போது, அடி பிடிக்காமல் எப்படிக் கிண்டுவது. உதவி கேட்கும் வரியையும் அவர்தான் சொல்கிறார், கெஞ்சாமல்.

முடிந்த வீடியோ ஒன்றரை நிமிடம். ஞாயிறு மாலை எங்கள் தெரு முனையில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டுக் காட்டுகிறோம். நெல்லூர், சூலூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்தும் இங்கே நிறையப் பேர் வருவதால் தெலுங்கு எழுத்தோடும் ஒன்று தயாராகிறது. தெலுங்கு சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் முன்னதாக வந்து பிழை பார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
கஞ்சிக் குழுவினர்
பழைய வண்ணாரப்பேட்டை