கிரிபேஜ் விதிமுறைத் தாளில் உள்ள பிழைகள் குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: புதிதாக ஆடுபவர்களுக்கான கிரிபேஜ் செட்டில் தவறான விதிமுறைத் தாள், திருத்தித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். சீட்டாடிக்கொண்டே பலகைத் துளைகளில் குச்சி நட்டுப் புள்ளி குறிக்கும் ஆட்டம் கிரிபேஜ். என் மகளுக்குக் கற்றுக்கொடுக்க உங்கள் கிரிபேஜ் செட்டை வாங்கினேன். பலகையில் ஒரு குறையும் இல்லை. துளைகள் சீராக இருக்கின்றன, குச்சிகள் ஆடாமல் நிற்கின்றன, சீட்டுகளும் நல்ல தரம். புகார் முழுக்க உள்ளே மடித்து வைத்திருக்கும் விதிமுறைத் தாளைப் பற்றித்தான். பெட்டியின் மேலேயே 'முதல்முறை ஆடுபவர்களுக்கு' என்று போட்டிருக்கிறீர்கள். ஆட்டம் தெரிந்தவர் அந்தத் தாளைப் பிரித்தே பார்க்கமாட்டார். அதை நம்பி உட்காருபவர் புதியவர். தாளில் தப்பு இருந்தால் அதைச் சொல்ல அவருக்குப் பக்கத்தில் ஆள் இருக்காது.

பெரிய தப்பு, கையை எண்ணக் காட்டியிருக்கும் உதாரணத்தில் இருக்கிறது. கையில் 10, இரண்டு ஜாக், ஒரு ராணி. கட்டை வெட்டித் திருப்பிய சீட்டு (எண்ணும்போது கையோடு சேர்வது) ஹார்ட்டின் 5. ஜாக் இரண்டில் ஒன்று ஹார்ட்டின். இதை எண்ணிப் பாருங்கள். படச்சீட்டுக்கும் மதிப்பு 10 என்பதால், 5 உடன் நான்கு சீட்டும் தனித்தனியே சேர்ந்து கூட்டுத்தொகை 15 வரும் சேர்க்கைகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் 2, ஆக 8. 10, ஜாக், ராணி என்ற வரிசை இரண்டு ஜாக்குகளாலும் இரண்டு முறை வரும்; 3-ம் 3-ம் 6. ஜாக் ஜோடிக்கு 2. திருப்பிய சீட்டின் இனத்திலேயே ஜாக் கையில் இருப்பதால் 1. மொத்தம் 17.

உங்கள் தாள் 19 என்கிறது. எங்கே பிசகியது என்றும் தெரிகிறது: 'ஜாக்குக்கு 2' என்று ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறீர்கள். அந்த 2, வெட்டித் திருப்பும் சீட்டே ஜாக்காக வந்தால், சீட்டுப் போட்டவர் (பங்கிட்டுக் கொடுத்தவர்) அந்த இடத்திலேயே எடுத்துக்கொள்வது. கையில் இருக்கும் ஜாக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைவிட வருத்தம், கிரிபேஜில் எந்தக் கையிலும் 19 வரவே வராது. 25, 26, 27 ஆகியவையும் வராது. ஒரு புள்ளியும் தேறாத கையைக் கீழே வைக்கும்போது 'பத்தொன்பது' என்று சொல்வது இந்த ஆட்டக்காரர்களிடையே பழைய வழக்கம். ஆட்டம் தெரிந்த ஒருவர் அச்சுக்கு முன் ஒரு முறை பார்த்திருந்தால்கூட இந்த எண் தாளில் ஏறியிருக்காது.

அடுத்தது, சீட்டு இறக்கும் கட்டம். கூட்டுத்தொகை 31-ஐத் தாண்டாமல் இறக்க முடியாதவர் 'கோ' சொல்வார். உடனே எதிராளி 1 புள்ளி எடுத்துக்கொண்டு புதிதாக எண்ணத் தொடங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அதைக் கேட்ட எதிராளி தன்னால் இறக்க முடிந்த வரைக்கும் இறக்கியே ஆக வேண்டும். கூட்டுத்தொகை 26-ல் நிற்கிறது, என்னிடம் இருப்பது ஒரே ஒரு 9, நான் 'கோ' சொல்கிறேன் என்று வையுங்கள். எதிராளியிடம் 2-ம் 3-ம் இருந்தால் முதலில் 28, அப்புறம் 31. சரியாக 31-ஐத் தொட்டதால் அவருக்கு 2 புள்ளி. உங்கள் விதிப்படி ஆடினால் அவருக்கு 1-தான் கிடைக்கும், சின்னச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வைக்கும் சாமர்த்தியத்துக்கே வேலை இல்லாமல் போகும்.

எண்ணும் முறைவரிசை தாளில் எங்குமே இல்லை. முதலில் சீட்டுப் போடாதவர் தன் கையை எண்ண வேண்டும். பிறகு போட்டவர் தன் கையையும், கடைசியில் கிரிப்பையும் (இருவரும் ஒதுக்கி வைத்த சீட்டுகளால் ஆன தனிக் கை) எண்ணுவார். கிரிப் அவருடையது என்பதால் அவருக்குச் சாதகம் அதிகம். அதை ஓரளவு ஈடுகட்டுவது இந்த வரிசைதான். ஆட்டம் 121-க்கு. இருவரும் 115-ல் நிற்கும்போது முதலில் எண்ணுபவர் கையில் 6 புள்ளி இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மற்றவரிடம் 20 இருந்தாலும் பயனில்லை. இந்த ஒரு வரி இல்லாததால் புதிதாக ஆடும் இருவர் கடைசிக் கட்டத்தில் சண்டைதான் போடுவார்கள்.

ஒரே இனச் சீட்டுகளுக்கான விதியும் அரைகுறை. கையில் உள்ள நான்கும் ஒரே இனம் என்றால் 4, திருப்பிய சீட்டும் சேர்ந்தால் 5. கிரிப்பில் ஐந்தும் ஒரே இனமாக இருந்தால் மட்டுமே 5. நான்குக்கு ஒன்றும் கிடையாது. தாள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

ஆளுக்கு இரண்டு குச்சி கொடுத்துவிட்டு, இரண்டாவது 'தொலைந்தால் மாற்றிக்கொள்ள' என்று எழுதியிருப்பதைப் படித்தபோது மனசே கேட்கவில்லை. பின்னால் நிற்கும் குச்சியை எடுத்து முன்குச்சியைத் தாண்டி நட வேண்டும். அப்போது முந்தைய இடம் அப்படியே தெரியும், எத்தனை நகர்த்தினோம் என்று எதிராளி சரிபார்க்கலாம். இவ்வளவு நேர்த்தியாகப் பலகை செய்தவர்கள் அதைப் பயன்படுத்தும் விதத்தைத் தப்பாகச் சொல்லலாமா?

என் மகளுக்கு நான் வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அதனால் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் கேட்பது இதுதான்: ஆட்டம் அறிந்த ஒருவரை வைத்துத் தாளை முழுவதும் திருத்தி அச்சிடுங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் திருத்திய தாளை இலவசமாக அனுப்புங்கள், கடைகளில் இருக்கும் பெட்டிகளிலும் பழைய தாளை மாற்றுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரு படி எனக்கு அனுப்பினால் வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம். தாளின் நகலில் பிழைகளைக் கோடிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பிழைகள் குறிக்கப்பட்ட விதிமுறைத் தாளின் நகல்